காட்டுக்கு வைஃபை கிடையாது

அந்த ரீல் உங்களுக்கும் கண்டிப்பா வந்திருக்கும். பனிமூட்டமான காடு, பின்னாடி பியானோ, கனத்த குரலில் ஒருத்தர் பேசுவார். மரங்கள் மண்ணுக்கடியில் பூஞ்சை இழைகள் வழியாகப் பேசிக்கொள்கின்றனவாம். தாய் மரம் தன் பிள்ளை மரங்களுக்குச் சாப்பாடு அனுப்புதாம். காடு முழுக்க ஒரே இன்டர்நெட்டாம். கமெண்ட்ல வரிசையா கண்ணீர் எமோஜி. நம்ம மாதிரி இன்ஜினியரிங் கூட்டத்துக்கு இது இன்னும் கூடுதலாகவே பிடிச்சுப்போகும். ஏன்னா இதுல நோடு இருக்கு, சிக்னல் இருக்கு, நெட்வொர்க் இருக்கு. நம்ம சிலபஸ் அப்படியே காட்டுக்குள்ள போன மாதிரி ஒரு சந்தோஷம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையில் பாதி இன்னும் நிரூபிக்கப்படாதது. நன்றாக நிரூபிக்கப்பட்ட மற்றொரு பாதி எந்த ரீலிலும் வருவதில்லை. படித்து முடித்து வேலைக்குப் போய் நாம் கையெழுத்துப் போடப்போகிற காகிதங்களுக்குத் தேவைப்படுவது அந்த இரண்டாவது பாதிதான். "ஒரு மரம் வெட்டினா பத்து மரம் நடுவோம்"னு ஒரு வாக்கியம் கேட்டிருப்பீங்க இல்ல, அங்கேதான் இந்தக் கட்டுரை போய் நிற்கும். அதுக்கு முன்னாடி கொஞ்சம் மண்ணைத் தோண்டணும். பொறுமையா வாங்க.

வேரும் பூஞ்சையும் போட்ட ஒப்பந்தம்

1885-இல் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் "மைக்கோரைசா" என்று ஒரு பெயர் வைத்தார். கிரேக்கத்தில் பூஞ்சை, வேர் என்ற இரண்டு சொற்களை ஒட்டிய பெயர். பிரஷ்ய அரசு அவரிடம் ஒப்படைத்த வேலையே வேற. டிரஃபிள் என்கிற விலை உயர்ந்த பூஞ்சையை வளர்க்க வழி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். அதைத் தேடிப் போனவர் மரங்களின் வேர்நுனிகளைப் பூஞ்சை உறை மாதிரி மூடியிருப்பதைப் பார்த்தார். இது நோய் இல்லை, இரண்டு பக்கமும் லாபம் உள்ள கூட்டு என்று சொன்னார்.

ஒப்பந்தம் ரொம்ப எளிமையானது. மரம் வெயிலில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைப் பூஞ்சைக்குத் தரும். பூஞ்சை தன் மெல்லிய இழைகளை வேர் எட்டாத இடுக்குகளுக்குள் நீட்டி பாஸ்பரஸ், நைட்ரஜன், தண்ணீர் எல்லாம் கொண்டுவந்து கொடுக்கும். இந்த இழையின் தடிமன் சில மைக்ரான்தான். தலைமுடி கூட இதைவிடப் பல மடங்கு தடிமன். ஸ்காட்லாந்தின் ரைனி என்ற இடத்தில் கிடைத்த சுமார் 40 கோடி வருஷத்துக்கு முந்தைய புதைபடிவங்களிலேயே இந்தக் கூட்டுக்குத் தடயம் இருக்கிறது. அதாவது தாவரங்கள் நிலத்துக்குக் குடிவந்த காலத்திலிருந்தே இது இருக்கு. சரியான வேர் உருவாவதற்கு முன்னாடியே பூஞ்சை கூட்டாளி வந்தாச்சு.

வீட்டில் விவசாயம் பார்ப்பவர்கள் இதைச் சின்ன வயசிலேயே பாக்கெட்டில் பார்த்திருப்பீங்க. "வேம்"னு சொல்லி உயிர் உரமா விப்பாங்க. வேளாண் துறை ஆட்கள் அதை வேர் உட்பூசணம் என்பார்கள். அதுவும் மைக்கோரைசாதான்.

அளவு எவ்வளவுன்னு ஒரு ஐடியா வேணுமா? 2023-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, உலகத் தாவரங்கள் வருஷத்துக்கு சுமார் 1,312 கோடி டன் கார்பன் டையாக்சைடுக்குச் சமமான கார்பனை இந்தப் பூஞ்சைகளுக்குக் கொடுக்கின்றன. நிலக்கரி, பெட்ரோல் எல்லாம் எரித்து மனிதர்கள் ஒரு வருஷத்தில் வெளியிடுவதில் சுமார் 36 சதவீதத்துக்குச் சமம் அது. எல்லாமே மண்ணில் நிரந்தரமா தங்கிடாது, ஒரு பகுதி திரும்ப வெளியே வந்துடும். இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டத்துக்கு இது சின்னக் கணக்கு இல்லை.

இன்டர்நெட் கதை எங்கே ஆரம்பித்தது

1997-இல் சுசான் சிமார்டும் அவருடைய குழுவும் "நேச்சர்" இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இடம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா காடு. பிர்ச் கன்றையும் டக்ளஸ் ஃபர் கன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுக்கு கார்பன்-13, இன்னொன்றுக்கு கார்பன்-14 உள்ள காற்றைக் கொடுத்தார்கள். பிறகு எது எங்கே போயிருக்கிறது என்று அளந்தார்கள். பிர்ச்சிலிருந்து ஃபருக்கு நிகரமாகக் கார்பன் போயிருந்தது. ஃபர் நிழலில் இருந்தபோது இன்னும் அதிகமாகப் போனது. "வுட் வைட் வெப்" என்ற சொல் அப்போது அந்த இதழால் பிரபலமானது. அதற்கப்புறம் டெட் உரை, புத்தகம், டாக்குமென்டரி, கடைசியில் நம்ம ரீல்.

அது அழகான பரிசோதனை, சந்தேகமே இல்லை. ஆனால் அதே இடத்தில் மூன்றாவதாக ஒரு செடார் கன்றும் இருந்தது. அது அந்த இரண்டின் பூஞ்சை கூட்டத்தில் சேராத மரம். அதற்குள்ளும் கொஞ்சம் கார்பன் போயிருந்தது. அப்படின்னா பூஞ்சை இழை இல்லாமல், சாதாரணமாக மண் வழியாகவும் கொஞ்சம் நகருது. இழை வழியே எவ்வளவு, மண் வழியே எவ்வளவு என்று காட்டுக்குள் பிரித்து அளப்பது எவ்வளவு கஷ்டம் என்று லேபில் ஒரு சிக்னலிலிருந்து நாய்ஸை எடுக்கப் போராடின எல்லாருக்கும் புரியும்.

2023-இல் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்செமா மூவரும் இதுவரை வந்த கள ஆய்வுகளை எல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். மெலனி ஜோன்ஸ் யார் தெரியுமா? 1997 ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவர். தான் பங்கேற்ற ஆய்வு வளர்ந்து எங்கே போய் நிற்கிறது என்று அவரே கணக்குப் பார்க்க வந்தார். காடுகளில் இப்படிப்பட்ட பொது வலைப்பின்னல் பரவலாக இருக்கிறது என்பதற்கும், அது கன்றுகளுக்கு உதவுகிறது என்பதற்கும் போதுமான ஆதாரம் இல்லை என்றார்கள். தாய் மரம் தன் பிள்ளையைத் தெரிந்துகொண்டு அதற்கு மட்டும் அனுப்புகிறது என்பதற்குக் காட்டில் செய்த, சக ஆய்வாளர்கள் சரிபார்த்து வெளியான ஆய்வு ஒன்றுகூட இல்லை என்றார்கள். சிமார்டு இந்த விமர்சனத்தை ஏற்கவில்லை. விவாதம் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. அறிவியல் அப்படித்தான் ஓடணும். ரீல்தான் முடிவு சொல்ல அவசரப்படுது.

"சரி, கதை கொஞ்சம் மிகைதான். அதனால என்ன? நாலு பேருக்குக் காடு மேல பாசம் வருதுல்ல?" இதுதான் எனக்கு வரும் முதல் எதிர்க்கேள்வி. நியாயமான கேள்வி. என் பதில் இது. அந்தப் பாசம் ஒரு தப்பான முடிவுக்கு வழி விடுது. எல்லா மரமும் ஒரே நெட்வொர்க், எல்லாம் ஒன்றுக்கொன்று உதவும் என்றால், எந்த மரத்தை எங்கே நட்டாலும் அது போய் கனெக்ட் ஆகிக்கும் என்று நினைக்கத் தோணும். அப்படி ஆகாது.

ஒரு காட்டில் இரண்டு புரோட்டோகால்

மரங்களின் பூஞ்சை கூட்டாளிகளில் பெரிய பிரிவுகள் இரண்டு. முதல் வகை வேரின் செல்லுக்குள்ளேயே நுழைந்து குட்டி மரம் மாதிரி கிளைவிடும். வெளியே காளான் எதுவும் முளைக்காது. இதை உள்வகை என்று வைத்துக்கொள்வோம். வேம்பு, மா, புளி உட்பட நம்ம ஊரில் தினமும் பார்க்கும் மரங்களில் பெரும்பாலானவை இந்தப் பக்கம். நம்ம "வேம்" பாக்கெட்டும் இதுதான். மண்ணில் உள்ள பாஸ்பரஸைத் தேடி எடுப்பதில் இது கில்லாடி.

இரண்டாவது வகை செல்லுக்குள் நுழையாது. வேர்நுனிக்கு மேலே உறை போட்டு, செல்களுக்கு நடுவில் வலை பின்னும். இது வெளிவகை. மழை பெய்ததும் மரத்தடியில் முளைக்கும் குடைக்காளான்களில் பல இதன் வேலை. பைன், ஓக், பிர்ச், தென்கிழக்கு ஆசியாவின் பெரிய டிப்டெரோகார்ப் மரங்கள் எல்லாம் இந்தப் பக்கம். இதில் சில பூஞ்சைகள் உதிர்ந்த இலைக்குள் சிக்கிய நைட்ரஜனையே நொதிகள் விட்டு உடைத்து எடுத்துவிடும்.

உலகத் தாவர இனங்களில் வெளிவகையோடு சேர்பவை சுமார் 2 சதவீதம்தான். ஆனா 2019-இல் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுத் திட்டுகளின் டேட்டாவை வைத்துப் போட்ட கணக்கில், உலகில் நிற்கும் மரங்களில் சுமார் 60 சதவீதம் இந்த 2 சதவீதக் கூட்டத்தைச் சேர்ந்தவை. குளிர்ந்த வடக்குக் காடுகள் இவர்கள் கையில். வெப்பமண்டலம் பெரும்பாலும் உள்வகையின் கையில். இலை எவ்வளவு வேகமாக மக்குகிறது என்பதுதான் இந்தப் பிரிவினையைப் பெரிதும் முடிவு செய்கிறது.

சவுக்கு, யூகலிப்டஸ் மாதிரி சில மரங்கள் இரண்டு வகையையும் சேர்த்துக்கொள்ளும். ஆனா உள்வகைப் பூஞ்சைக்கும் வெளிவகைப் பூஞ்சைக்கும் நடுவில் பாலம் கிடையாது. நெட்வொர்க் உவமையை விடவே மாட்டேன் என்றால் இப்படி வைத்துக்கோங்க: ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு புரோட்டோகால், நடுவில் கேட்வே இல்லை. கொடைக்கானல் ஐவி போனப்ப பைன் காட்டில் எல்லாரும் போட்டோ எடுத்திருப்போம். தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் பைன் இனமே இல்லை. அது மனிதர்கள் நட்ட தோட்டம். பக்கத்துச் சோலைக்காட்டு மரங்களில் பெரும்பாலானவை உள்வகை. இரண்டும் ஒரே மலை, ஒரே மழை. ஆனா மண்ணுக்கடியில் வேற வேற உலகம்.

நல்ல பூஞ்சையும் ஒற்றை இனக் காட்டை உண்டாக்கும்

இங்கேதான் எனக்கே ரொம்பப் பிடிச்ச திருப்பம் இருக்கு. பூஞ்சை என்றாலே பன்மைக்கு நண்பன் என்று நினைப்போம். 2017-இல் "சயின்ஸ்" இதழில் வந்த ஓர் ஆய்வு, வட அமெரிக்காவின் 55 மர இனங்களை எடுத்துக்கொண்டு ஒரு எளிய கேள்வி கேட்டது: தன் இனத்துப் பெரிய மரத்தின் அடிமண்ணில் ஒரு கன்று நன்றாக வளருமா, மோசமாக வளருமா? உள்வகை மரக் கன்றுகள் சொந்த இனத்து மண்ணில் பொதுவாகத் திணறின. அந்த இனத்தைத் தாக்கும் நோய்க்கிருமிகள் அங்கே ஏற்கனவே சேர்ந்திருக்கும். வெளிவகை மரக் கன்றுகளோ சொந்த இனத்து மண்ணில் பொதுவாக நன்றாக வந்தன. வேர்நுனியின் மேல் இருக்கும் உறை ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

விளைவு என்ன? உள்வகைக் காட்டில் அம்மா மரத்தடியில் பிள்ளைக்கு இடமில்லை, அதனால் வேற இனம் வந்து உட்காரும், பன்மை பெருகும். வெளிவகைக் காட்டில் ஒரே இனம் கூட்டமாகக் குவியும். காங்கோ படுகையைப் பாருங்க. சுற்றிலும் நூற்றுக்கணக்கான மர இனங்கள் உள்ள மழைக்காடு. நடுவில் கில்பெர்ட்டியோடெண்ட்ரான் என்ற ஒரே மரம் பெரிய பெரிய பரப்புகளை ஆக்கிரமித்து நிற்கும். அது வெளிவகை மரம். எந்த மரம், எந்தப் பூஞ்சை, எந்த மண் என்ற மூன்றும் சேர்ந்துதான் காட்டின் முகத்தை முடிவு செய்கிறது. பாசம் இதில் எங்கேயும் வரல.

சரி, பன்மை இருந்தா என்ன லாபம்? சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்தில் மலைச்சரிவுகளில் 1,50,000-க்கும் மேற்பட்ட மரங்களை வேண்டுமென்றே விதவிதமான கலவைகளில் நட்டார்கள். சில இடத்தில் ஒரே இனம், சில இடத்தில் 2, 4, 8, 16 இனங்கள். எட்டு வருஷம் கழித்து 16 இனங்கள் கலந்த திட்டுகள், ஒற்றை இனத் திட்டுகளின் சராசரியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கார்பனைச் சேர்த்திருந்தன. அதே மழை, அதே நிலம். இது முழுக்கப் பூஞ்சையின் புண்ணியம் என்று நான் சொல்லல. வேற வேற உயரத்தில் கிளை விரிப்பது, வேற வேற ஆழத்தில் வேர் விடுவது, ஒரே பூச்சி எல்லாவற்றையும் தின்ன முடியாமல் போவது, எல்லாமே சேரும். பூஞ்சையின் பங்கைத் தனியாகப் பிரிக்கவே ஜெர்மனியில் ஹாலே நகருக்குப் பக்கத்தில் 2015-இல் ஒரு பரிசோதனைத் தோட்டம் போட்டார்கள். உள்வகை மரம் ஐந்து இனம், வெளிவகை மரம் ஐந்து இனம், தனித்தனியாகவும் கலந்தும் 80 திட்டுகள். நம்ம டிசைன் ஆஃப் எக்ஸ்பெரிமென்ட்ஸ் பேப்பர் மாதிரியே இருக்கும்.

பத்துக்கு ஒன்று என்கிற கணக்கு

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம்.

ரோடு அகலப்படுத்தணும், சுரங்கம் தோண்டணும், சோலார் பார்க் போடணும். மரங்கள் வெட்டப்படும். பதிலுக்கு வேற இடத்தில் மரம் நட வேண்டும். காட்டு நிலத்தை எடுத்தால் ஈடு செய்ய 2016-ஆம் வருஷத்து ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டம்கூட இருக்கு. சாதாரணமாக எல்லார் வாயிலும் வரும் விகிதம் ஒன்றுக்குப் பத்து. இந்த ரிப்போர்ட்டை யார் தயாரிப்பாங்க? சிவில் ஆளுங்க. மரத்தை ட்ரோன் படத்திலிருந்து எண்ணும் மாடலை யார் எழுதுவாங்க? சிஎஸ்இ, ஏஐ ஆளுங்க. கன்றுக்குத் தண்ணி போச்சான்னு சென்சார் வைக்கிறது? இசிஇ. அதாவது நீங்களும் நானும்.

அந்த எக்செல் ஷீட்டில் ஒரு காலம்தான் இருக்கும்: எண்ணிக்கை. 100 போச்சு, 1,000 வந்துச்சு, லாபம் 900. ஆனா வெட்டின இடத்தில் போனது 100 மரம் மட்டுமில்லை. பல இனங்களின் கலவை, பல வருஷமாக அந்த மண்ணில் ஊறின பூஞ்சை கூட்டம், ரெண்டும் போச்சு. வந்தது ஒரே நர்சரியிலிருந்து ஒரே இனத்தில் 1,000 கன்று, கட்டட இடிபாடு கலந்த மண்ணில். இதில் எந்தக் காலத்தை எந்தக் காலத்தோடு கழிக்கிறோம்?

மண்ணில் கூட்டாளி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு பியூர்ட்டோ ரிக்கோ தீவு நல்ல பாடம். அங்கே பைன் வளர்க்கப் பல வருஷம் முயன்றார்கள். கன்று முளைக்கும், மஞ்சளாகும், அப்படியே நின்று செத்துப்போகும். 1950-களில் அமெரிக்காவின் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் வளர்ந்தது. அர்ஜென்டினாவின் விக்டோரியா தீவில் இதன் மறுபக்கம் தெரிந்தது. வெளிநாட்டுப் பைன் குடும்ப மரங்கள் பழைய தோட்டங்களை விட்டு வெகுதூரம் பரவாமல் நின்றதற்கு, தூரத்து மண்ணில் அவற்றின் பூஞ்சை இல்லாதது ஒரு முக்கியக் காரணம் என்று 2009-இல் கண்டறிந்தார்கள். அங்கே பூஞ்சை இல்லாததே உள்ளூர்க் காட்டுக்கு வேலியா இருந்திருக்கு.

"அப்போ ஒரு பாக்கெட் வேம் போட்டுட்டா போச்சு"ன்னு கேப்பீங்க. நர்சரியில் உள்வகை மரக் கன்றுகளுக்கு அது உதவலாம். ஆனா வெளிவகை மரத்துக்கு அதனால் பயனில்லை, புரோட்டோகால் வேற. அதோட பாக்கெட்டில் இருப்பது சில இனங்கள். காட்டு மண்ணில் இருப்பது அதைவிடப் பல மடங்கு பெரிய கூட்டம்.

"ஒண்ணுமே நடாம இருக்கிறதுக்கு இது தேவலையே"ன்னு இன்னொரு வாதம். நட வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. தெருவுக்கு நிழல் வேணும், நடுங்க. ஆனா அதைக் காட்டுக்கு ஈடு என்று ரிப்போர்ட்டில் எழுதாதீங்க. நிழலுக்கு நட்டதை நிழல்னே எழுதுங்க.

கேட்க வேண்டிய நாலு கேள்வி

புலம்பிட்டுப் போறது ஈஸி. அதனால் நாளைக்கே கேட்கக்கூடிய நாலு கேள்விகளை வைக்கிறேன். நம்ம கேம்பஸ் மரம் நடு விழாவிலும் கேட்கலாம், வேலைக்குச் சேர்ந்த கம்பெனியின் பசுமைத் திட்டத்திலும் கேட்கலாம்.

முதல் கேள்வி: எத்தனை கன்று இல்லை, எத்தனை இனம்? அவை அந்த இடத்துக்கு உரியவையா? எண்ணிக்கை சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இனப் பட்டியல் இருக்கணும்.

இரண்டாவது: மண்ணை என்ன செய்தீங்க? கட்டுமானம் தொடங்கும்போது மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைப்பது சிவில் வேலையில் தெரிஞ்ச நடைமுறைதான். ஆனா குவித்து வைத்த மண்ணில் காலம் போகப் போக பூஞ்சையின் உயிர்ப்பு குறையும். சீக்கிரம் திரும்பப் பரப்பணும். இது ஒரு ஷெட்யூல் பிரச்சனை, நாம தீர்க்கக்கூடிய பிரச்சனை.

மூன்றாவது: மூணு வருஷம் கழிச்சு எத்தனை உயிரோட இருக்கு? போட்டோ எடுத்த நாள் கணக்கு செல்லாது.

நான்காவது: பழைய காட்டைத் தொடாமல் திட்டத்தை வேற வழியில் கொண்டுபோக முடியாதான்னு யாராவது பார்த்தாங்களா? பல தலைமுறை மரமும் பூஞ்சையும் சேர்ந்து உண்டாக்கின மண்ணை எந்த நர்சரியிலும் வாங்க முடியாது. அதனால் ரோடு வளைவு கொஞ்சம் மாறுவது, பத்தாயிரம் கன்று நடுவதைவிட மலிவாகவே முடியலாம். அந்த அலைன்மென்ட் போடுறது நம்ம வேலை.

ஃபைனல் இயர் பிராஜெக்டுக்கு மரம் எண்ணுற மாடல் எடுத்திருக்கிற நண்பர்கள் இதே காலேஜில் ரெண்டு டீமாவது இருக்கீங்க. உங்க அவுட்புட்டில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன வகைக்கும் ஒரு காலம் சேருங்க. ஆக்யூரசி குறையும், வைவாவில் கேள்வி வரும். வரட்டும். அது கேட்க வேண்டிய கேள்விதான்.

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க எழுதி அனுப்புங்க. அடுத்த இதழில் சண்டை போடலாம்.